மே மாதத்துக்குள் முட்டி ஆறாது

பிளஸ் டூ படிக்கும்போது ஜவ்வு கிழிந்த மலைப் பையனைக் கல்லூரி வாசலில் எதை வைத்து அளப்பது?

பழநி மலையில் கால்பந்து ஆடுகிறவனுக்கு முதல் எதிரி எதிரணி அல்ல, தரை. மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் என்று எந்த ஊருக்குப் போனாலும் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற படிக்கட்டு வயல்கள்தான். கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் வந்தால் காபி, மிளகு, மலைவாழை. இதெல்லாம் போக மிஞ்சிய கொஞ்சம் சமதளத்தில்தான் பள்ளிக்கூட மைதானம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தில் பந்து விழுந்துவிட்டால் எடுத்துவர ஒருவன் இறங்கி ஏற வேண்டும். அதுவரை மற்ற பத்துப் பேரும் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள்.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் இதே மைதானம் களிமண் சேறு. பள்ளிக்கல்வித் துறையின் போட்டிகளோ குறுவட்டத்தில் ஆரம்பித்து, மாவட்டம் தாண்டி, பாரதியார் தினக் குழு விளையாட்டுப் போட்டிகள் வரை இந்த மழையை ஒட்டித்தான் நகர்கின்றன. பிளஸ் டூ படிக்கிற பையனுக்குக் கல்லூரிக்கான சான்றிதழ் சேர்க்கக் கடைசி வாய்ப்பு இது. ஆகவே சேற்றிலும் ஆடுவான்.

விபத்து நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். பந்தை வாங்கி இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, வலப்பக்கம் வெட்டித் திரும்புகிறான். பூட்டின் ஸ்டட் மண்ணில் பிடித்துக்கொள்கிறது. பாதம் நின்றுவிட, மேல் உடம்பு மட்டும் திரும்புகிறது. முழங்காலுக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம். யாரும் இடிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. ‘சும்மா விழுந்துட்டாண்டா’ என்று கூட ஆடுகிறவர்களே சிரிப்பார்கள். சில மணி நேரத்தில் முட்டி பலாக்கொட்டை அவித்ததுபோல் வீங்கிவிடும். முழங்கால் ஜவ்வுகளில் நடுவே குறுக்காகப் போகிற ஏ.சி.எல். கிழிகிற சம்பவங்களில் பெரும்பாலானவை இப்படி மோதலே இல்லாமல் நடப்பவைதான்.

அதன் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். எண்ணெய்க் கட்டு. பச்சிலைப் பற்று. மூன்று வாரத்தில் வீக்கம் வடிகிறது. பையன் நடக்கிறான், நேராக ஓடவும் செய்கிறான். ‘சரியாப் போச்சு’ என்று மறுபடி மைதானத்துக்கு அனுப்புகிறார்கள். நேர்கோட்டில் ஓட ஏ.சி.எல். பெரிதாகத் தேவையில்லை. திரும்பும்போதும், தாவி இறங்கும்போதும்தான் அதன் வேலை. முதல் திருப்பத்திலேயே முட்டி விலகி நழுவும். இரண்டாவது முறை விழும்போது கிழிந்த ஜவ்வோடு மெனிஸ்கஸ் என்கிற மெத்தைக் குருத்தெலும்பும் நசுங்கியிருக்கும். முதல் விபத்தைவிட இந்த இரண்டாவது விபத்துதான் எதிர்காலத்தைக் கெடுக்கிறது. எலும்பு மருத்துவரிடம் முதல் நாளே போயிருந்தால், முழங்காலை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கெண்டைக்காலை மறு கையால் முன்னால் இழுத்துப் பார்த்தே ஏறக்குறையச் சொல்லிவிடுவார். லாக்மன் டெஸ்ட் என்று பெயர். ஸ்கேன் அதை உறுதிப்படுத்தத்தான்.

அந்த ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் மலைக்காரர்கள் பொதுவாக இறங்குவது திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ. கொடைக்கானலிலிருந்து மதுரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். மேல்மலைக் கிராமத்திலிருந்து என்றால் கொடைக்கானல் வந்து சேரவே தனியாக ஒரு பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் போய்விடும், ஒரு நாள் கூலியும் போய்விடும்.

இங்கேதான் காலண்டர் குறுக்கே வருகிறது.

மழைக்கால மேட்ச் ஒன்றில், நவம்பரில், ஜவ்வு கிழிந்தது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் ஸ்கேன். மார்ச்சில் பொதுத் தேர்வு. ‘பரீட்சை முடியட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்’ என்பார்கள் வீட்டில். தப்புச் சொல்ல முடியாத முடிவுதான். ஏப்ரலில் அறுவை சிகிச்சை. தொடையின் பின்புறத் தசைநாரையோ முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரையோ எடுத்துப் புது ஜவ்வாகக் கட்டுவார்கள். அது எலும்போடு ஒட்டி, ரத்த ஓட்டம் பிடித்து, ஜவ்வாகவே மாறுவதற்குக் குறைந்தது ஒன்பது மாதம். ஆக, அவன் முறையாக மைதானத்தில் இறங்கக்கூடிய நாள் அடுத்த ஜனவரி. கல்லூரிகளின் ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன் நடப்பதோ ரிசல்ட்டை ஒட்டிய மே, ஜூன் மாதங்களில். அதே மே மாதம்தான் கொடைக்கானலுக்கு சீசன். ஏரிக்கரையிலும் கடைகளிலும் விடுதிகளிலும் வீட்டில் அத்தனை பேரும் வருஷத்துச் சம்பாத்தியத்தைத் தேடுகிற மாதம். பையனைக் கூட்டிக்கொண்டு ட்ரையல்ஸுக்குப் போக ஆளும் கிடைக்காது.

ஒரே வருடம் முன்னால் இவனை ‘கண்டிப்பா எடுப்பாங்க’ என்று சொன்ன பி.இ.டி. ஆசிரியர், இப்போது ‘பார்க்கலாம்’ என்கிறார்.

தமிழ்நாட்டில் விளையாட்டை வைத்துக் கல்லூரிக்குள் போக இரண்டு வழி உண்டு. இரண்டும் நேர் எதிரானவை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் 7. இங்கே பார்ப்பது சான்றிதழை மட்டும்தான். மாநில அளவா, தேசிய அளவா, பதக்கமா, பங்கேற்பா என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். யாரும் உங்களை ஓடச் சொல்லப்போவதில்லை. முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பது அங்கே கேள்வியே இல்லை. கலை அறிவியல் கல்லூரிகளின் பழக்கம் வேறு. லயோலா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி போன்ற பழைய பெயர்கள் ஆகட்டும், கோவை, மதுரைப் பக்கத்துக் கல்லூரிகள் ஆகட்டும், கல்லூரி அணிக்கு ஆள் தேவை. கோச் மைதானத்தில் நிற்க வைத்துப் பார்க்காமல் எடுக்கமாட்டார். முதல் வழியில் காகிதம் பேசும், கால் பேசாது. இரண்டாவதில் அன்றைய காலைப்பொழுதின் கால் மட்டும்தான் பேசும்.

மலைப் பையன் இரண்டு வழியிலும் தோற்கிறான் என்பதுதான் சங்கதி. கால்பந்து குழு விளையாட்டு. குறுவட்டத்தில் அணி தோற்றால், அந்த அணியின் ஆகச்சிறந்த ஆட்டக்காரனுக்கும் மாவட்டச் சான்றிதழ் கிடையாது. பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கும் மலைப் பள்ளியில், நகரத்து விளையாட்டு விடுதி மாணவர்கள் ஆடும் அணியோடு மோதித் தோற்பதில் அதிசயம் என்ன? மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ம் வகுப்புகளில்தான் ஆள் எடுக்கிறார்கள். பிளஸ் டூ-வில் அடிபட்டவனுக்கு அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

இதே மலையில் இன்னொரு உலகமும் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் ஆரம்பித்த பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அங்கே படித்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த நாட்டில் பள்ளி வீரனைக் கல்லூரி எடுப்பது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பதினேழு வயதுப் பையனுக்கு இரண்டு ஸ்டார், ஐந்து ஸ்டார் என்று ரேட்டிங் போடவே கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுடைய ஃபுட்பால் வேறு, கையில் பிடித்து ஓடுகிற ஆட்டம். ஆனால் முட்டி எல்லோருக்கும் ஒரே முட்டிதான். அடிபட்ட பையனை என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கும் வருகிறது, நம்மைவிட அதிகமாகவே வருகிறது.

அவர்கள் கண்டுபிடித்த விடைகளில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. ரெட்ஷர்ட் என்பார்கள். சேர்ந்த வருடம் பையன் கல்லூரி அணியோடு பயிற்சி எடுப்பான், படிப்பான், போட்டியில் ஆடமாட்டான். அந்த வருடம் அவன் கணக்கில் கழியாது. ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது ஏற்பாடு. அடிபட்டு வந்தவன் ஆற, ஒரு வருடம் கிடைத்துவிடுகிறது. 2015-ல் அங்குள்ள பெரிய கான்ஃபரன்ஸுகள் இன்னொரு விதியும் போட்டன: ஆட்டம் சரியில்லை, அடிபட்டுவிட்டான் என்ற காரணங்களுக்காக ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக்கூடாது. அதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இந்த விதியே காட்டிக்கொடுக்கிறது. பணம் புரளும் இடம், கருணைக்கும் கணக்கு உண்டு. நாம் அமெரிக்காவைப் புகழ வேண்டியதில்லை. அந்த ஒரு வருட யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அடிபட்டவன் திரும்பி வருவானா? கோச் கேட்கிற கேள்வி இதுதான். கேட்பது நியாயம். பதில் சொல்ல எண்கள் இருக்கின்றன. ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய 69 ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்வது: 100 பேரில் 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65. போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 மட்டுமே. இன்னொரு தொகுப்பாய்வு, 2016-ல் வந்தது, வயது பற்றிச் சொல்வதுதான் நமக்கு முக்கியம். 25 வயதுக்குக் கீழே, மறுபடி விளையாட்டுக்குப் போனவர்களில் 23 சதவீதம் பேருக்கு அதே முட்டியிலோ மறு முட்டியிலோ திரும்பவும் கிழிந்திருக்கிறது. ஏறக்குறைய நாலில் ஒருவர்.

இந்த ‘நாலில் ஒருவர்’ கணக்கைக் கேட்டவுடன் கோச் பையன் பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அடிக்கும் முன்னால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெலாவேர், நார்வேயின் ஓஸ்லோ இரண்டு இடத்து மருத்துவர்களும் சேர்ந்து 106 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் முடிவு கூர்மையானது. ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறு காயம் பாதியாகக் குறைந்தது. தொடை வலு, தாண்டல் உள்ளிட்ட சோதனைகளில் தேறிய பிறகு ஆடப் போனவர்களில் மறுபடி அடிபட்டவர்கள் 5.6 சதவீதம். தேறாமலே போனவர்களில் 38.2 சதவீதம். ஆக ஆபத்து முட்டியில் மட்டும் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. டிசம்பரிலேயே ஆபரேஷன் முடித்து, மே மாத ட்ரையல்ஸுக்காக ஐந்தாம் மாதம் ஊசி போட்டுக்கொண்டு ஓடுகிறவன்தான் அந்த 38-ல் போய் நிற்கிறான். அவனை அங்கே நிறுத்துவது நம் சேர்க்கை முறை.

சோதனை என்றதும் பெரிய மெஷினை நினைக்க வேண்டாம். தொடை வலுவைச் சரியாக அளக்க மெஷின் வேண்டும்தான். தாண்டல் சோதனைக்கு ஒரு டேப் போதும். நல்ல காலில் நின்று, அதே காலால் முன்னால் தாண்டி, அதே காலில் ஆடாமல் நிற்க வேண்டும். தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அடிபட்ட காலிலும் அதேபோல. அடிபட்ட காலின் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும். பிறகு மூன்று தாண்டல் தொடர்ச்சியாக. நல்ல காலில் ஒரு தாண்டல் 160 சென்டிமீட்டர் என்றால் அடிபட்ட காலில் 144 வந்தாக வேண்டும். 130 வந்தால் பையன் எவ்வளவு கெஞ்சினாலும் பூட்டைக் கழற்றச் சொல்லிவிடலாம். தூரத்தோடு, இறங்கும்போது முட்டி உள்பக்கம் சரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். செல்போனில் எதிரே நின்று வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டினால் அது தெரிந்துவிடும். மன்னவனூரில் இருந்துகொண்டே மதுரை பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடலாம்.

முட்டியை அளந்தாயிற்று. ஆட்டத்தை எப்படி அளப்பது? பழைய வீடியோவில்தான். இங்கே நம் பி.இ.டி. ஆசிரியர்களிடம் ஒரு சின்ன மனக்குறை. அவர்கள் போனில் இருப்பதெல்லாம் கோல்கள். அடித்த கோல், அதன்பின் கட்டிப்பிடித்தல். ஒரு கோச்சுக்கு அதில் தெரிவது மிகக் குறைவு. நார்வேயின் விளையாட்டு உளவியலாளர் கெயிர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். பந்து காலுக்கு வருமுன் யார் அதிகமாகத் திரும்பித் திரும்பிச் சுற்றிலும் பார்த்துக்கொள்கிறார்களோ, அவர்களுடைய பாஸ்தான் அதிகம் போய்ச் சேர்கிறது என்று காட்டினார். ஃப்ராங்க் லாம்பார்ட் இதில் பேர்போனவர். பதினேழு வயதில் இந்தப் பழக்கம் இருக்கிற பையனுக்கு எந்த ஜவ்வு கிழிந்தாலும் அது போகாது. ஆனால் அதைப் பார்க்க, பந்து இல்லாத நேரத்திலும் அவன் படத்தில் இருக்க வேண்டும். மலை மைதானத்துக்கு ஒரு வசதி உண்டு. மேட்டுப் பக்கம் ஏறி நின்று பாதி ஆட்டத்தை அப்படியே எடுத்தால் களம் முழுவதும் தெரியும். சமதளத்து ஊர்களில் அதற்குக் கேலரி கட்ட வேண்டும்.

பையன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஓடி, வெட்டி, திரும்பி ஆடுகிற விங்கருக்கு ஏ.சி.எல். போனால் பாதி ஆயுதம் போன மாதிரி. நடுக்களத்தில் நின்று பந்தைப் பிரித்துக்கொடுக்கிறவனுக்கு அந்த அளவு இழப்பில்லை. நல்ல கோச் இடம் மாற்றிக்கூட யோசிப்பார்.

‘மலைப் பையன், நுரையீரல் வலு’ என்ற பேச்சை மட்டும் நான் அவ்வளவாக நம்பமாட்டேன். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஏறி இறங்கி நடந்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும், உண்மைதான். 2007-ல் ஃபிஃபா உயரமான ஊர்களில் சர்வதேச மேட்ச் கூடாது என்று தடை போட்டபோதுகூடக் கோடு போட்டது 2,500 மீட்டரில்தான். ஆறு மாதம் படுத்து எழுந்தவனுக்கு உயரம் சேர்த்துக்கொடுத்த மூச்செல்லாம் கரைந்துபோயிருக்கும். திரும்ப ஓடித்தான் சம்பாதிக்க வேண்டும்.

நம் ஊர் உதாரணங்கள் இரண்டு. வியாசர்பாடியின் தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகச் சென்னையின் எஃப்.சி.க்குக் கோல் அடித்தவர். அந்த ஆண்டு கோப்பையையும் அணி வென்றது. அடுத்த சீசன் முழுவதும் முழங்கால் காயத்தால் அவர் ஆடவில்லை. குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர் மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் சீசனின் முதல் மேட்சிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அந்த சீசன் அவருக்கு அதோடு முடிந்தது. இருவருக்கும் பின்னால் கிளப்பும், டாக்டரும், பிசியோவும், சம்பளமும் இருந்தன. பதினேழு வயதில், விற்கப்போகும் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே காலை நீட்டிப் படுத்திருப்பவனுக்கு இதில் எதுவும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவை சிகிச்சைக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்கவே தெரியாமல் நகையை அடகு வைப்பவர்கள்தான் அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதப் பிசியோதெரபிதான் பாதி வைத்தியம். அதற்காக வாரம் இரண்டு முறை மலை இறங்க முடியாது என்பதால் அதுதான் முதலில் விட்டுப்போகிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடுப்பு, முழங்கால் அமைப்பும், இறங்கும் விதமும், போதாத தசைப் பயிற்சியும் சேர்ந்து, பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தில் சாதாரணக் கை அல்ல. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தமிழக அணி 2018-லும் 2023-லும் தேசியச் சாம்பியன். கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்பெயினின் அலெக்ஸியா புதெயாஸ் 2022 ஜூலையில் ஜவ்வு கிழிந்து, பத்து மாதம் பொறுத்து, 2023 ஏப்ரலில் திரும்பி, ஆகஸ்டில் உலகக் கோப்பையைத் தூக்கினார். பத்து மாதம் அவருக்காகக் காத்திருந்தார்கள். நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு முட்டி போனால், ‘போதும் ஆடினது’ என்பதோடு கதை முடிகிறது.

அடிபடாமல் தடுக்கவும் வழி இருக்கிறது, காசில்லாத வழி. ஃபிஃபா 11+ என்கிற இருபது நிமிட வார்ம்-அப். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண்களிடம் நடந்த சோதனையில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மேட்ச் நாளில் இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு இறங்குவதை வார்ம்-அப் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரிகளிடமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. செலக்‌ஷன் விண்ணப்பத்தில் ‘காயத்தில் இருக்கிறேன்’ என்று எழுத ஒரு கட்டம் வையுங்கள். அதை நிரப்பியவனை வெளியே அனுப்பாமல், முந்தைய இரண்டு ஆண்டு ஆட்ட வீடியோவையும், பள்ளி ஆசிரியரின் கடிதத்தையும், அறுவை சிகிச்சை ரிப்போர்ட்டையும் வாங்கிப் பாருங்கள். தேறினால் சேர்த்துக்கொண்டு, முதல் வருடம் அணியில் ஆட வைக்காமல், பயிற்சிக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். ஒன்பதாம் மாதம் டேப்பை வைத்து அளவெடுங்கள். நம் இளங்கலைப் படிப்பு மூன்று வருடம். ஒன்று போனாலும் இரண்டு மிச்சம். களத்துக்குத் திரும்புகிறவர்களில் நாலில் மூன்று பேர் மறு காயம் இல்லாமல் ஆடுவார்கள் என்றுதான் கணக்குச் சொல்கிறது. நாலாவது ஆளுக்கும் ஒரு டிகிரி கிடைத்துவிட்டுப் போகட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கோயில் திருவிழா எழுவர் கால்பந்துக்கு ஆள் குறைகிறது என்று ஆபரேஷன் முடிந்த ஆறாம் மாதம் யாராவது வந்து கூப்பிடுவார்கள். பையன் துடிப்பான். அனுப்பாதீர்கள்.